விருந்தாளி கொண்டுவந்த குக்கர்

3 ஜூன் 1969, செவ்வாய்

குழந்தைகள் வார்டிலிருந்து நீலாவதி சிஸ்டர் இன்றும் நான்கு புட்டி வயிற்றுப்பூச்சி சிரப்பைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூடியைத் திருகினால் சோடா மாதிரி புஸ்ஸென்று சத்தம், மேலே நுரை. ஒரு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு வந்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு மருந்தைப் பார்த்ததில்லை. முப்பதாம் தேதிக்குள் நான் அரையாண்டுத் தரக் குறிப்பு எழுதவேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆகஸ்டில் அடுத்த வருஷத்துக்கு ஆர்டர் போடுவார்கள். மெயின்லேண்டில் என்றால் கெட்டதைக் கடைக்காரன் முகத்தில் எறிந்துவிட்டு வேறு வாங்கலாம். இங்கே அந்தமானில் ஒரு தடவை ஆர்டர் போட்டால் போட்டதுதான். மாயாபந்தரிலிருந்து கார் நிகோபார் வரைக்கும் எல்லா டிஸ்பென்சரியிலும் வருஷம் முழுக்க அதையே குழந்தைகள் வாயில் ஊற்றவேண்டும்.

வெள்ளிக்கிழமை கப்பல். சிரப் கம்பெனியின் ரெப்ரசென்டேட்டிவ் திருநாவுக்கரசும் அதில் வருகிறான். நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அவன் தங்கப்போவது எங்கள் வீட்டில். மார்ச்சில் முதல் தடவை வந்தபோது, கப்பல் துறையில் பெட்டியோடு முழித்துக்கொண்டு நின்றவனை என் வீட்டுக்காரர்தான் “தமிழ்ப் பையன், பாவம்” என்று மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். ரெண்டு நாள் என்று வந்தான். கப்பலில் எஞ்சின் கோளாறு. பதினோரு நாள் இருந்தான். போகும்போது என்னை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிட்டுக்கொண்டு போனான்.


6 ஜூன், வெள்ளி

கப்பல் வந்தது. மரைன் ஹில் முழுக்க ஒரே அமர்க்களம்.

இந்த ஊரில் யார் மெயின்லேண்டுக்குப் போனாலும் கையில் பத்து வீட்டு லிஸ்ட் இருக்கும். யார் வந்தாலும் கூடவே பத்து வீட்டு மூட்டை வரும். மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை, வாங்கிக்கொள்ள யாரும் கூசியதுமில்லை. தபால்காரன் கடிதம் கொடுத்தால் கூசுவோமா? அப்படித்தான் இதுவும்.

எங்கள் மூட்டையைத் திருநாவுக்கரசு கொண்டுவந்தான். மயிலாப்பூரில் என் அக்கா செல்லம் வீட்டுக்குப் போய், அவள் கையால் வாங்கி, சாக்கை ஊசி போட்டுத் தைத்துக் கொண்டுவந்திருந்தான். பிரித்தால் கறிவடகம், உப்பு நார்த்தங்காய், கோலமாவு, மூன்று மாதத்துப் பத்திரிகைகள். அடியில் வைக்கோலைச் சுற்றி — பிரஷர் குக்கர்!

“இன்னும் எத்தனை நாளைக்கு அந்த விறகுப் புகையில் கிடப்பாய், நான் ஏதாவது செய்கிறேன்” என்று அக்கா சித்திரையில் எழுதியிருந்தாள். செய்துவிட்டாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருநாவுக்கரசு பக்கத்திலேயே நின்று “அடிபடாம வந்திருக்காக்கா?” என்று கேட்டான். கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது என்றேன்.


11 ஜூன், புதன்

ஞாயிற்றுக்கிழமை முதல் விசிலுக்கே பக்கத்து வீட்டு ஷரீபா, ஏதோ வெடித்துவிட்டது என்று கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். பருப்பு பத்து நிமிஷத்தில் குழைந்ததைப் பார்த்து நம்பவே இல்லை. அவள் புருஷன் அய்யூப் பாய் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையிலேயே இந்தச் சாமான் இல்லை.

“அரே, சந்திரா! நாளைக்கு ஆட்டுக்கறி எடுக்கிறோம். ஒரு நாளைக்குக் குடுத்துவிடு புள்ள. உங்க அக்கா மவராசி, நல்லா இருக்கட்டும்.”

கொடுத்தேன். கறி ஒரு கிண்ணம் வந்தது. இரண்டு நாளாகக் குக்கரில் மசாலா வாசனை போகவில்லை.


12 ஜூன், வியாழன்

திருநாவுக்கரசு இருந்தால் வீடு கலகலவென்றுதான் இருக்கிறது. கப்பலில் தனக்கு வாந்தி வந்த கதையை நடித்துக் காட்டினான். இவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எங்களுக்குக் குழந்தை குட்டி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் மூன்றாவதாக ஒரு தட்டு விழுவது நன்றாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சிரப்பைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. சாப்பிடும்போது எப்படிக் கேட்பது?


15 ஜூன், ஞாயிறு

கேட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“இங்க ஈரம் ஜாஸ்திக்கா. சுவத்த ஒட்டி அடுக்காம கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. மெட்ராஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது, சத்தியமா.”

இருக்கலாம். இந்த மழையில் என் புடவையே பெட்டிக்குள் பூத்துப்போகிறது.


18 ஜூன், புதன்

கப்பல் கிளம்பியது. அக்காவுக்கு நன்றி சொல்லி நான்கு பக்கம் எழுதி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். கட்டுச்சோறும் கொடுத்தேன். “உள்ளே தங்கினால் சரி” என்றார் இவர்.


30 ஜூன், திங்கள்

தரக் குறிப்பு முடித்துக் கொடுத்தாயிற்று. பூச்சி சிரப் பற்றி நான் எழுதியது: “ஈரப்பதத்தினால் சில புட்டிகளில் மாறுதல் காணப்பட்டது. சேமிப்பில் கூடுதல் கவனம் தேவை.”

தப்பாக ஒன்றும் எழுதவில்லையே. ஈரம் இருக்கத்தானே செய்கிறது.


9 ஜூலை, புதன்

இன்னும் ஆறு புட்டி. நீலாவதி கேட்டாள்: “சந்திரமதியம்மா, இத நீங்க ரிப்போர்ட்ல எழுதினீங்கதானே?”

எழுதினேன் என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.


21 ஜூலை, திங்கள்

சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டானாம். மலையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ரேடியோ அலறுகிறது. பூமியிலிருந்து அங்கே போக நான்கு நாள் ஆயிற்றாம். மதராஸிலிருந்து போர்ட் பிளேருக்கும் நான்கு நாள்தான். ஆனால் என் அக்காவின் பதிலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கிறேன். விமானத் தபாலுக்குக் கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட அவளுக்கு மனசு வராது.


24 ஜூலை, வியாழன்

கப்பலில் அக்கா கடிதம். அப்படியே எழுதுகிறேன்: “குக்கர் குக்கர் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாயே, எந்தக் குக்கர்? நான் கொடுத்தது வடகமும் நார்த்தங்காயும் கோலமாவும் பழைய பத்திரிகைகளும்தான். எனக்கே குக்கர் கிடையாது. நீ யாரிடம் வாங்கினாய்?”

யாரிடம் வாங்கினேன்.

மூன்று தடவை படித்தேன். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் அந்தச் சனியனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வாரம்! ஏழு வாரமாக அதில்தான் சோறு, அதில்தான் பருப்பு. தெருவே கடன் வாங்கிப்போயிருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அடியெல்லாம் கரி, கைப்பிடியில் ஷரீபா வீட்டு ஆணத்தின் மசாலாக் கறை.

பாவி, பக்கத்திலேயே நின்றானே. அடிபடாமல் வந்ததா என்று வேறு கேட்டானே!

அவனே நன்றிக் கடிதத்தையும் சுமந்துகொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். கடலில் போட்டிருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.


25 ஜூலை, வெள்ளி

ஆபீஸிலிருந்து நடத்தை விதிப் புத்தகத்தை வாங்கிவந்து படித்தேன். அலுவல் தொடர்பு உள்ளவரிடம் பரிசு வாங்கக் கூடாது. வாங்கினால் தெரிவிக்க வேண்டும். எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடு, வண்டியில் ஏறிக்கொள்வது, இவையெல்லாம் பரிசில் சேராது. அடிக்கடி உபசாரம் பெறுவதைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாம் பெறுகிறவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறது. கொடுக்கிற நான் எந்தப் பக்கத்தில் வருகிறேன் என்று தேடினேன். இல்லை.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அந்த மழுப்பல் வரியை எழுதியது ஜூன் முப்பதில். அன்றைக்குக் குக்கர் அக்காவுடையது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்? அப்படியானால் குக்கருக்காக எழுதவில்லை. பின்னே எதற்காக எழுதினாய் சந்திரமதி?

சோறு போட்டதற்காக. என் வீட்டில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டவனின் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். தின்றவன்தான் வளைவான் என்று புத்தகம் எழுதினவர்கள் நினைத்துவிட்டார்கள். பரிமாறினவள் வளைந்துபோனதை நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். குக்கரைப் பற்றி எழுதிக் கொடுப்பேன். குறிப்பையும் திருத்துவேன்.


26 ஜூலை, சனி

இவருக்கும் எனக்கும் சண்டை.

“ஊருக்கு வந்தவனுக்குச் சோறு போட்டது தப்பாடி? நான்தானே கூட்டிட்டு வந்தேன். என்னையும் சேத்து எழுதிக்குடு!”

“சோறு போட்டது தப்பில்ல. போட்டுட்டு நான் மருந்தப் பத்திப் பொய் எழுதினேன் பாருங்க, அது தப்பு.”

“பொய்யா எழுதின? ஈரம்னுதானே எழுதின.”

“மழுப்பி எழுதினா அதுவும் பொய்தான்.”

“குக்கரக் காசு குடுத்துக் கணக்குத் தீத்துட்டாப் போச்சு. மெமோ கிமோன்னு வந்து ஸ்டோர்ஸ்லேர்ந்து தூக்கியடிச்சா என்ன செய்வ?”

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இவருக்குத் தெரியும். முதல் பெண் ஸ்டோர்கீப்பர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இவர்தான். பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் புட்டிகள் பொங்குகின்றன.

வெண்கலப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தேன். புகையில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.


28 ஜூலை, திங்கள்

டாக்டர் பக்தவத்சலத்திடம் போனேன். மருந்து வாங்கும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதப் பாரும்மா. நீ தெரியாமதானே வாங்கின? தெரியாமலே இருந்துட்டுப் போ. குறிப்புல கையெழுத்தாயிடுச்சு. இப்ப மாத்தினா, மொதல்ல ஏன் அப்படி எழுதினேன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். சொல்றேன்.”

அவர் தலைக்குப் பின்னால் புது டேபிள் ஃபேன் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஆமா. அதுவும் அந்தப் பையன் கொண்டுவந்ததுதான். அதையும் சேத்து எழுதப்போறியா?”

“உங்களுது நீங்கதான் சார் எழுதணும். நான் என்னுத மட்டும் எழுதறேன்.”

மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “வெறும் வாயால சிரப் கெட்டதுன்னு சொன்னா கம்பெனிக்காரன் ஈரம்னுவான். நிரூபிச்சுக் காட்டு. ஆகஸ்ட் இருபதாம் தேதி கமிட்டி.”

காட்டுகிறேன்.  


29 ஜூலை, செவ்வாய்

திருநாவுக்கரசு கம்பெனி சிரப்பில் சீல் உடைக்காத ஆறு புட்டி. வேறொரு கம்பெனியின் சிரப் ஆறு புட்டி, அதுவும் சர்க்கரைப் பாகுதான். இரண்டையும் ஒரே தட்டில், மாற்றி மாற்றி அடுக்கினேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, திருநாவுக்கரசு சொன்னபடியே. ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் காகிதம் ஒட்டினேன். அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி நீலாவதியிடம். நான் தனியாகத் திறந்தேன் என்று யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுச் சொல்லக் கூடாது.


3 ஆகஸ்ட், ஞாயிறு

லீவு நாள். மனசு கேட்காமல் வார்டுக்குப் போனேன்.

சிப்பிகாட் கிராமத்திலிருந்து ஒரு வங்காளிக் குடியேற்றக்காரி நான்கு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அங்கே டிஸ்பென்சரியில் கொடுத்த சிரப்பைக் குடித்த நாளிலிருந்து வாந்தியாம். புட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். “தவாயி கட்டா ஹை, தீதி. பச்சி நஹீ பீத்தி” என்றாள் — மருந்து புளிக்கிறது அக்கா, குழந்தை குடிக்க மாட்டேன் என்கிறது. அடித்துக் குடிக்க வைத்தாளாம். சர்க்கார் மருந்து ஆயிற்றே, நல்லதாகத்தானே இருக்கும் என்று அடித்தாளாம்.

புட்டியை வாங்கி முகர்ந்தேன். பழைய கள் வாசனை. என் ஸ்டோர்ஸிலிருந்து, என் கையெழுத்தோடு போன புட்டி.

குழந்தைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள் நீலாவதி. நான் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.


4 ஆகஸ்ட், திங்கள்

யாரையும் கேட்காமல் எல்லா டிஸ்பென்சரிக்கும் எழுதிவிட்டேன்: பூச்சி சிரப் கொடுப்பதை நிறுத்துங்கள், பதிலுக்கு மாத்திரை அனுப்புகிறேன். கேட்டிருந்தால் கமிட்டி வரை பொறு என்றிருப்பார்கள்.


12 ஆகஸ்ட், செவ்வாய்

பதினான்கு நாள் முடிந்தது. நீலாவதியும் நானும் இரண்டு பூட்டையும் திறந்தோம். அவர்களுடைய ஆறில் ஐந்து புளித்துவிட்டது, ஒன்றின் மூடி தானாகவே துள்ளி விழுந்து கிடந்தது. மற்ற கம்பெனியின் ஆறும் தேன் மாதிரி அப்படியே இருக்கிறது.

ஈரமாம், ஈரம்! ஒரே தட்டு, ஒரே ஈரம்.


14 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு காகிதம் கொடுத்தேன்.

ஒன்று, திருத்திய தரக் குறிப்பு. “சிரப் புளித்துவிடுகிறது. அதே தட்டில் வைத்த வேறு சிரப் கெடவில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கத் தகாது. ஜூன் 30 அன்று நான் எழுதிய குறிப்பு சரியானது அல்ல.” கடைசி வரியை எழுத மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று.

இன்னொன்று, குக்கர். எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார், ஏன் தெரியாமல் போயிற்று, எத்தனை வாரம் சமைத்தேன், எல்லாம். அந்த நபர் என் வீட்டில் இரண்டு தடவை தங்கிச் சாப்பிட்டதையும் எழுதினேன். அதை எழுதும்படி எந்த விதியும் கேட்கவில்லை.

குக்கரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்ட கிளார்க் “விசில் எங்கே மேடம்?” என்று கேட்டான். ஷரீபா வீட்டில் இருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்தேன்.


18 ஆகஸ்ட், திங்கள்

ஷரீபாவுக்குக் குக்கர் போன துக்கம் ஆறவில்லை. “உனக்குத் தெரியாம வந்தது உன் தப்பா? அப்படிப் பாத்தா நானும் கறி ஆக்கினேனே, என்னையும் ஜெயில்ல போடுவாங்களா?” என்றாள். போடுவார்கள், ரெண்டு பேரும் பழைய ஜெயிலில் ஆளுக்கொரு அறையில் இருக்கலாம் என்றேன். அப்புறம்தான் சிரித்தாள்.

நீலாவதி ஒரு செய்தி சொன்னாள். குழந்தைகள் வார்டில் ஒரு டேபிள் ஃபேன் வந்து உட்கார்ந்திருக்கிறதாம். யார் கொடுத்தது என்று தெரியவில்லையாம். 


20 ஆகஸ்ட், புதன்

கமிட்டி முடிந்தது. சிரப் ஆர்டர் அந்தக் கம்பெனிக்கு இல்லை. இருப்பில் உள்ளதைக் கொட்டி அழிக்கச் சொல்லி உத்தரவு.

எனக்கு ஒரு மெமோ. ஜூன் மாதத்தில் தவறான குறிப்பு எழுதியது ஏன், பத்து வாரம் பரிசைத் தெரிவிக்காதது ஏன். பத்து நாளில் விளக்கம் கொடுக்கவேண்டும்.

இவர் மெமோவை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “உள்ளத உள்ளபடி எழுது. நான் கூடவே இருக்கேன்” என்றார். மூன்று வாரத்துக்கு அப்புறம் முகம் கொடுத்துப் பேசினார். அதற்கே இன்னொரு மெமோ வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.


5 செப்டம்பர், வெள்ளி

கப்பல். சாயங்காலம் திருநாவுக்கரசு வந்தான். பெட்டியோடு. நான் வாசல்படியில் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அக்கா, ஆர்டர் போச்சு. மேனேஜர் கிழிகிழின்னு கிழிச்சுட்டார்.”

“தெரியும். நான்தான் எழுதினேன்.”

“நீங்களா! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீ குக்கர மூட்டையில வைக்கறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

தலையைக் குனிந்துகொண்டான். கம்பெனியில் டாக்டருக்கு ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று என்று கொடுத்து அனுப்பினார்களாம். கையில் கொடுத்தால் அக்கா வாங்க மாட்டார்கள் என்று தெரியுமாம். அதனால் மூட்டையில் வைத்துத் தைத்துவிட்டானாம்.

“ஆனா சத்தியமாக்கா, கம்பெனி குடுக்கலேன்னாலும் நான் ஏதாவது வாங்கிட்டுத்தான் வந்திருப்பேன். பதினோரு நாள் உங்க கையால சாப்பிட்டிருக்கேன். வெறுங்கையோட எப்படி வர்றது?”

 விருந்து சாப்பிட்ட வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே என்று அவன் அம்மா சொல்லித்தானே வளர்த்திருப்பாள். என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

“அந்த லெட்டர ஏன் கொண்டுபோய்க் குடுத்த? கிழிச்சுப் போட்டிருக்கலாமே?”

“அடுத்தவங்க லெட்டர எப்படிக்கா கிழிக்கறது?” என்றான், என்னையே திட்டுகிற மாதிரி.

மனசு இளகியது. இளகக் கூடாது என்று நிலைப்படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன்: “உங்க மத்த மருந்தெல்லாம் இன்னும் என் ஸ்டோர்ஸ்லதான் இருக்கு. அதுங்களப் பத்தியும் நான் எழுதணும். என் கையில அந்தப் பேனா இருக்கற வரைக்கும் இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாது தம்பி. காலைல பத்து மணிக்கு ஸ்டோர்ஸுக்கு வா.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அய்யூப் பாய் கடை மாடியில் இடம் கொடுத்தாராம். மூன்றாவது தட்டைக் கழுவிவைத்திருந்தேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன். என்னையறியாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அழுதேன். எழுதிவிடுகிறேன், அழுதேன்.


6 செப்டம்பர், சனி

பத்து மணிக்குச் சரியாக வந்தான். “வணக்கம் மேடம்” என்றான்.


15 அக்டோபர், புதன்

மெமோவுக்கு முடிவு வந்துவிட்டது. எழுத்து மூலம் எச்சரிக்கை, அவ்வளவுதான். ஃபைலில் இருக்கும். இருக்கட்டும்.

இனி வெளியிலிருந்து வரும் ரெப்ரசென்டேட்டிவ்கள் ஆஸ்பத்திரி ஊழியர் வீட்டில் தங்கக் கூடாது, ஊழியர்களுக்காக எந்த மூட்டையும் கொண்டுவரக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது விதியால் மரைன் ஹில்லில் பாதிப் பேருக்குச் சின்ன வெங்காயம் நின்றுபோயிற்று. குழாயடியில் என்னைப் பார்த்தால் பேச்சு நிற்கிறது. ஷரீபா மட்டும் குடத்தை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள்.


2 டிசம்பர், செவ்வாய்

மாற்றல் உத்தரவு. ஸ்டோர்ஸ் பொறுப்பு வேறொருவருக்கு. நான் சிப்பிகாட் டிஸ்பென்சரிக்கு.

டாக்டர் பக்தவத்சலம் என்னை உட்காரச் சொல்லி, தானே சொன்னார்: “இது தண்டனை இல்லம்மா. நீ இங்க இருந்தா பாக்கறவங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்கு. எனக்கும்தான்.” பொய் சொல்லாத மனுஷர். சட்டை முதுகில் வியர்வை. ஃபேன் இல்லாத அறை.

மூன்று வருஷம் நான் அடுக்கிய அலமாரிகள். சாவிக்கொத்தை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க முடிந்தது. ஆனால் இன்னொரு தடவை ஜூலை வந்தாலும் இதையேதான் செய்வேன். இதை நான் வீறாப்புக்கு எழுதவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.


10 டிசம்பர், புதன்

காலை பஸ், சாயங்கால பஸ். டிஸ்பென்சரியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு தள்ளாடும் நாற்காலி. இங்கே நான் மருந்து வாங்குகிறவள் இல்லை, அனுப்பியதைக் கொடுக்கிறவள். புது சிரப் வந்திருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு புட்டியையும் நானே திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் பூச்சி என்று நினைத்திருப்பார்கள்.


18 ஜனவரி 1970, ஞாயிறு

நேற்றுக் கப்பலில் திருநாவுக்கரசு வந்திருக்கிறானாம். அய்யூப் பாய் சொன்னார். கம்பெனியில் வேறு யாரும் இந்தக் கடலைத் தாண்டச் சம்மதிக்காததால் வேலை பிழைத்திருக்கிறது. பொங்கலன்றைக்கு நடுக்கடலில் ரொட்டி தின்றானாம்.

காலையில் இவரிடம் சொன்னேன்: “போய் அவனச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க.”

“ஏண்டி, நோட்டீஸ்ல போட்ட விதி?”

“என் கையில இப்ப ஒரு ஆர்டரும் கிடையாது. அவனுக்கு என்னால ஆகவேண்டியதும் ஒண்ணும் இல்ல. நோட்டீஸ் தங்கக் கூடாதுன்னுதான் சொல்லுது, ஒரு வேளை சாப்பிடக் கூடாதுன்னு சொல்லல. நல்லாப் படிச்சுப் பாத்துட்டேன்.”

இவர் சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடினார்.

வெண்கலப் பானையில் சாதம், வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம். புகையில் கண் எரிந்தது. ஒரு மணிக்கு இரண்டு பேரும் மலையேறி வருவது ஜன்னலில் தெரிந்தது. வாசலுக்குப் போனேன்.

அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அவன் கைகளைத்தான். அவனும் அதைப் பார்த்துவிட்டான். படிக்குக் கீழேயே நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு பழம்கூட இல்லை.

“வெறுங்கையோட வந்திருக்கேன்க்கா” என்றான். 

“அதுதான் வேணும். உள்ள வா, சோறு ஆறுது” என்றேன்.